வேட்டைக்குக் கட்டிய வெள்ளைத் துணி

எங்கள் வக்கீல் அந்த வழக்கை ஜெயித்தது அரியலூர் கோர்ட்டில் அல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில் மணை போட்டு உட்கார்ந்து, நான் சுட்ட தோசையைத் தின்றுகொண்டே ஜெயித்தார்.

"துணி குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தேன்," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"தலையில கட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"காடு தாண்டுற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன்."

"அவ்வளவுதாங்க. அவன் கழட்டினான், குண்டு பட்டுது. வேட்டை கூட்டினவரு செய்ய வேண்டிய பாதுகாப்பு எல்லாம் செஞ்சுட்டாரு. பேச்சை மீறினது அவன். இதுல உங்க பொறுப்பு எங்கேருந்து வந்துச்சு? அம்மா, சட்னி இருந்தா கொஞ்சம் விடுங்க."

விட்டேன். விடாமல் என்ன செய்வது? ஆனால் மனசுக்குள் ஏதோ இடித்தது. துணி கொடுத்தது நிஜம். கழற்றியதும் நிஜம். வக்கீல் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோது, ஊரில் உள்ள குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒன்றை அவர் லாவகமாகத் தாண்டிப் போனது தெரிந்தது.

அது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஜெகதாம்பாளுக்கு வாய் நீளம் என்று வேப்பந்தட்டைப் பக்கம் நாலு ஊரில் பேசுவார்கள். பேசட்டும், எனக்கென்ன.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. கிணறு உள்ளவன் வெங்காயம் போடுவான், இல்லாதவன் சோளம் விதைத்து வானத்தைப் பார்ப்பான். ஊருக்கு மேற்கே ஏரி, அதன் கரையில் எங்கள் மாந்தோப்பு, தோப்பை ஒட்டிக் காரையும் சூரையும் மண்டிய முள்காடு. அந்தக் காட்டில் முயலும் கவுதாரியும் நிறைய. வருஷா வருஷம் தை பிறந்ததும் எங்கள் வீட்டுக்காரர் வெளியூர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு அங்கே வேட்டை நடத்துவார். வயிற்றுக்கில்லாத வேட்டை அது. பத்துப் பேர் துப்பாக்கி பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கீழத்தெரு ஆட்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்திக்கொண்டும் புதரைத் தடியால் அடித்துக்கொண்டும் காட்டைக் கலைத்து வருவார்கள். பயந்து ஓடிவரும் முயலை இவர்கள் சுடுவார்கள். சுட்டுவிட்டு மீசையை முறுக்குவார்கள். அப்புறம் எங்கள் வீட்டுச் சாப்பாடு.

யுத்த காலத்தில் தோட்டா கிடைக்காமல் அது நின்றிருந்தது. யுத்தம் முடிந்த அடுத்த தை மாசம், விட்ட குறைக்கெல்லாம் சேர்த்து நடத்துவது என்று இவர் கிளம்பிவிட்டார். பெரம்பலூர் நெல் மில் முதலாளி சிங்காரவேலு புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தார். அவருக்கு முதல் இடம். எங்கள் மகளை அவர் பையனுக்குக் கேட்கலாம் என்று இவருக்கு ஓர் எண்ணம். அதனால் அந்த மனிதர் தும்மினால்கூட இவர் துண்டை நீட்டினார்.

வெள்ளைத் துணி யோசனை எங்கள் வீட்டுக்காரருடையது. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரைகள் வேட்டையில் ஆட்களுக்கு அடையாளம் கட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். நல்ல யோசனைதான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். வெளுத்து வந்த பழைய வேட்டிகளை நான்தான் கிழித்தேன். கீழத்தெரு ஆட்கள் கலைப்புக்கு வந்து நின்றபோது ஆளுக்கொரு துண்டு கொடுக்கப்பட்டது.

"தலையில நல்லா இறுக்கிக் கட்டுங்கடா," என்றார் இவர். "காடு தாண்டுற வரைக்கும் ஒருத்தனும் கழட்டப்படாது. வெள்ளை தெரிஞ்சாத்தான் ஆளுன்னு தெரியும்."

விருந்தாளிகளிடம் திரும்பி, "வெள்ளை தெரியிற பக்கம் துப்பாக்கியத் திருப்பாதீங்க. மத்தபடி எது அசைஞ்சாலும் சுடுங்க. நான் ஊதல் ஊதினதும் நிறுத்திடணும்," என்றார்.

கீழத்தெரு ஆட்கள் துணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். கும்பிட்டார்கள். காட்டுக்குள் போனார்கள். சிறிது நேரம் கழித்துத் தூரத்தில் புதர்களுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. "பாத்தீங்களா, எப்படி எடுப்பாத் தெரியுது!" என்று இவர் சிங்காரவேலுவிடம் பெருமையடித்தார்.

எங்கள் கண்ணெதிரே ஒருவன்கூட அந்தத் துணியைத் தலையில் கட்டவில்லை. மறைவுக்குப் போய்த்தான் கட்டினார்கள். அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? கீழத்தெரு ஆள் எங்களுக்கு முன்னால் தலையில் துணியோடு நின்று நாங்கள் பார்த்ததே கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தாலும், தூரத்தில் எங்களைக் கண்டதும் தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து ஒதுங்கி நிற்பார்கள். எடுக்கச் சொல்லி யாரும் சொல்ல வேண்டாம். கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி கை தானாகப் போகும். வக்கீல் தாண்டிப் போனது இதைத்தான்.

தோப்பில் நான் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. எப்போது சாப்பிட வருகிறார்கள் என்று கேட்டுவர அனுப்பிய ஆள் அங்கேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். எனக்கோ பொறுமை கிடையாது. நானே கிளம்பி, தோப்பு வேலியைத் தாண்டி, பனைமர வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு இடது பக்கம் வரப்பின் மேல் எங்கள் வீட்டுக்காரர் ஊதலோடு நின்றார். அவரைத் தாண்டிச் சிங்காரவேலு.

அப்போது புதருக்குள்ளிருந்து மாயவன் தலை தெரிந்தது. மாயவன் எங்கள் பண்ணையாள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலையும் காளையும் அவன் கையில்தான். வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் ஓரமாக வந்துவிட்டிருந்தான். ஒரு கணம் எனக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. கட்டுமஸ்தாக, கல்யாண மாப்பிள்ளை போல நின்றான். அடுத்த கணம் அவன் கை மேலே போனது. துணியை உருவினான். கக்கத்தில் வைத்தான். குனிந்தான். புதருக்கு மேல் அவனுடைய மண்நிற முதுகு மட்டும் அசைந்தது.

சிங்காரவேலு சுட்டார்.

மூஞ்சியெல்லாம் துப்பாக்கி ரவை. ஒரு கண் அங்கேயே போய்விட்டது. மற்றதைத் திருச்சி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிகிற அளவுக்கு மிஞ்சியது. கவலை ஓட்டியவன் கையைப் பிடித்து நடக்க ஓர் ஆள் வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டுக்காரர் மனசாட்சி இல்லாதவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு வண்டியில் பெரம்பலூர் வரை போனவர் அவர்தான். அவன் வீட்டுக்கு நெல் அனுப்பினார். அதையெல்லாம் தர்மம் என்று நினைத்துச் செய்தார், அங்கேதான் கோளாறு.

ஏனென்றால் அவன் பெண்டாட்டி ஆண்டாயிக்குத் தர்மம் வேண்டாம். "இன்னிக்குக் குடுப்பாங்க, நாளைக்கு மூஞ்சி திரும்பினா நிறுத்திடுவாங்க. என் புருசன் கண்ணுக்கு ஒரு பதில் வேணும்," என்று அரியலூருக்குப் போய்க் கண்ணையன் என்ற வக்கீலைப் பார்த்துவிட்டாள். சின்ன வயசு வக்கீல், கீழத்தெருக்காரர்களுக்கு வழக்காடுகிற ஆள். சுட்டவரைப் பிடித்தால், "வெள்ளை இல்லாத பக்கம் சுடலாம்னு வேட்டை கூட்டினவரே சொன்னாரு, நான் சுட்டேன்," என்று சிங்காரவேலு கையை உதறிவிட்டார். பெண் எடுக்கிற பேச்சும் அதோடு போயிற்று. கண்ணையன் எங்கள் வீட்டுக்காரர் மேலேயே வழக்குப் போட்டார். ஆளைக் கூப்பிட்டவர், காட்டுக்குச் சொந்தக்காரர், விருந்தாளியை நிறுத்தி வைத்தவர் எல்லாம் ஒரே ஆள் என்றால், வந்தவன் உயிருக்கும் அவரே பொறுப்பு என்பது கட்சி. மாயவன் குடும்பம் ஆயுசுக்கும் சாப்பிடுகிற மாதிரி நஷ்டஈடு கேட்டிருந்தார்கள்.

வழக்கு வந்ததும் இவர் நெல்லை நிறுத்தினார். ஆண்டாயி சொன்னது பலித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மாயவன் சாட்சி சொன்ன நாள் இவர் அரியலூரிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னாச்சு?" என்றேன்.

"தலைத்துணிய ஏண்டா எடுத்தேன்னு அவன் வக்கீலே கேக்குறாரு. தலை அரிச்சுதுங்கிறான்! கோர்ட்டே சிரிச்சுது. கண்ணையன் மூஞ்சியில ஈயாடல."

"அரிச்சுதாமா?"

"ஆமாங்கிறேன். அடுத்த வாய்தாவோட வழக்கு முடிஞ்சுது போ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் பார்த்தேனே! அரித்தால் சொறிவான், குனிவானா? வரப்பில் நின்ற இவரை, அவனுடைய ஆண்டையைப் பார்த்துத்தான் எடுத்தான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அவனுக்கு என்ன கேடு? ஆண்டைக்கு இன்னமும் பயப்படுகிறான், பயந்தாங்கொள்ளி, இவனெல்லாம் எதற்குக் கோர்ட்டுக்குப் போனான் என்று மனசுக்குள் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஜெயிக்கப் போகிறார் என்ற சந்தோஷமும் ஓர் ஓரத்தில் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, கொல்லையில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே ஆண்டாயி வந்து நின்றாள். வழக்கு நடக்கிற வீட்டுக்கு வருகிறாளே என்று எனக்கு ஆச்சரியம்.

"என்னடி?" என்றேன்.

"அரிச்சுதுன்னு சொல்லிப்புட்டு வந்திருக்காரும்மா எங்க வூட்டு ஆளு. ஊரே சிரிக்குது. நீங்களும் சிரிச்சிருப்பீங்க."

"நான் ஏண்டி சிரிக்கிறேன்? அவன் வாயில என்ன, கொழுக்கட்டையா வெச்சிருந்தான்? ஆண்டையப் பாத்து எடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே? நானே பாத்தேனே!"

ஆண்டாயி என்னை நேருக்கு நேர் பார்த்தாள். அதற்கு முன் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"ஆண்டையப் பாத்தா எடுத்தாரு? ஆண்டை அவருக்கு முதுகு காட்டிக்கிட்டு அந்த மில்லுக்காரர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தாரு. முதுகுக்கு எவன் துணி எடுப்பான்? பனைமரத்தாண்ட வந்து நின்னது யாரு? உங்களப் பாத்துத்தாம்மா எடுத்தாரு."

"நாக்க அடக்கிப் பேசுடி!" என்று கத்தினேன்.

"அடக்கித்தாம்மா இருக்கோம். அம்மா பேரைக் கோர்ட்டுல எடுத்தா அம்மாவ அங்க இழுப்பாங்களாம், பெரிய வூட்டுப் பொம்பள கூண்டுல ஏறி நிக்கணுமாம், அது நம்மளால ஆவ வாணாமாம். அதுக்குத்தான் அரிச்சுதுன்னு சொன்னாராம். கண்ணக் குடுத்தாச்சு. இப்ப உங்க மானத்துக்கு எங்க சோத்தையும் குடுக்குறாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

யோசிக்க யோசிக்க அவள் சொன்னது அத்தனையும் சரியாக வந்து உட்கார்ந்தது. அவன் குனிந்தது என் பக்கம். இவர் வரப்பில் திரும்பித்தான் நின்றார். நான் அன்றைக்கு அந்த இடத்தில் போய் நிற்காமல் இருந்திருந்தால் அவன் தலைப்பாகையோடு வெளியே வந்திருப்பான். இவ்வளவு நாளும் ஆண்டை, வக்கீல், சிங்காரவேலு என்று ஊரையெல்லாம் மனசுக்குள் கூண்டில் ஏற்றிவிட்டு, நான் மட்டும் திறந்த காற்றில் நின்றுகொண்டிருந்தேன். வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசியது. குளித்தாலும் போகாத கூச்சம்.

அன்று சாயங்காலமே இவரிடம் சொன்னேன். "அவன் என்னைப் பாத்துத்தான் எடுத்தான். நான் கோர்ட்டுல சொல்லணும்."

இவர் முதலில் சிரித்தார். அப்புறம் நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். "உனக்குப் பைத்தியமா? நம்ம வூட்டுப் பொம்பளைங்க கோர்ட்டு வாசப்படி மிதிச்சதுண்டா? நீ சொன்னா அதோட வழக்குத் தோத்துடும்."

"ஏன் தோக்கணும்? அவன் கழட்டினது அவன் தப்புன்னுதானே சொன்னீங்க? யாரப் பாத்துக் கழட்டினா என்ன?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் அவருக்குத் தெரியும். கழற்றாதே என்று வாயால் சொன்னவரும் அவர்தான், கழற்றாவிட்டால் தோலை உரிக்கிற வீடும் அவருடையதுதான். இரண்டில் எதை அந்த மனிதன் கேட்பான்? அவன் பிறந்தது முதல் கேட்டுவந்ததைத்தான் கேட்பான். "இன்னிக்கு மட்டும் எங்களப் பாத்தாலும் எடுக்க வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு மனிதனின் கண் பிழைத்திருக்கும். அதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நாக்கு வந்திருக்காது.

நான் ஆண்டாயிக்கு ஆள் அனுப்பினேன். கண்ணையன் எனக்குச் சம்மன் அனுப்பினார். கோர்ட்டு ஆள் என் பெயரைத் தெருவில் சத்தமாகக் கேட்டுக்கொண்டு வந்தான். எங்கள் மானம் கப்பலேறிய நாள் அது என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறாள். இவர் அன்று சாப்பிடவில்லை. கடைசியில், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒரு வார்த்தை பேசாத," என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குக் கரியில் ஓடுகிற பஸ். நானும் இவரும் முன்னால். பின்னால் மாயவனும் ஆண்டாயியும். இடம் காலியாக இருந்தும் அவர்கள் உட்காரவில்லை. அவள் கம்பியைப் பிடித்திருந்தாள், அவன் அவளைப் பிடித்திருந்தான். "உக்காரச் சொல்லேன்" என்று என் மனசு சொன்னது. வாய் நீளமானவள் வாய் அன்றைக்குத் திறக்கவேயில்லை. நான் கோர்ட்டுக்கு நியாயம் சொல்லப் போகிறேனாம்! பஸ்ஸில் அவனை உட்காரச் சொல்ல முடியவில்லை எனக்கு.

கோர்ட்டில் எங்கள் ஊர் ஜனம் பாதி வந்திருந்தது. பெரிய வீட்டுப் பொம்பளை கூண்டில் ஏறுவதைப் பார்க்க வேண்டுமே. ஏறினேன். கண்ணையன் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பனைமரத்தடியில் நின்றேன். மாயவன் தலைப்பாகையோடு வந்தான். என்னைப் பார்த்தான், எடுத்தான், குனிந்தான், குண்டு பட்டது.

பிறகு எங்கள் வக்கீல் எழுந்தார். எங்கள் வீட்டுத் தோசையைத் தின்றவர், என்னை முன்னே பின்னே பார்த்திராதவர் போலக் கேட்டார்.

"துணிய எடுக்கச் சொல்லி நீங்க அவனுக்குச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"கையால ஜாடை காட்டினீங்களா?"

"இல்லீங்க."

"எடுக்கக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரரு காலையில சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

"ஆகக்கூடி, எடுக்காதேன்னு சொல்லியிருந்தும், யாரும் எடுக்கச் சொல்லாமலே, அவனா எடுத்தான். அப்படித்தானே?"

"அப்படித்தாங்க."

எங்கள் வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லி, மொத்த உண்மையையும் புதைத்துவிட்டேன். ஆண்டாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா," என்றார் வழக்கை விசாரித்த முனிசீப்.

வயசானவர். அதுவரை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தவர், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்குறேன். அவர் அந்தத் துணியை எடுக்காம, தலையில கட்டினபடியே உங்க முன்னால வந்து நின்னிருந்தா, நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் என்று சொன்னார். மாயவனை. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் வக்கீல் ஏதோ ஆட்சேபிக்க எழுந்தார். முனிசீப் கையமர்த்தினார். ஒரு சொல்லில் தப்பித்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்றால் போதும். நடக்காத காரியத்துக்கு யார் சாட்சி? இவர் ஜெயிப்பார், நான் நல்லவளாக வீட்டுக்குப் போவேன். மாயவன் ஆயுசுக்கும் அடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு பிச்சைக்குப் போவான்.

அதற்குள் பின்னால் இருந்து மாயவன் எழுந்துவிட்டான். எந்தத் திசையில் முனிசீப் இருக்கிறார் என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக் கும்பிட்டான்.

"அம்மா ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க சாமி. அம்மா தங்கமானவங்க. நான்தான் சாமி, தலை அரிச்சு..."

ஆண்டாயி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அப்போது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அவன் கண் போன குழியோடு நின்று எனக்கு நற்சாட்சி சொல்கிறான்!

"ஆள விட்டுப் புளியமரத்துல கட்டச் சொல்லியிருப்பேங்க," என்றேன். "இவனை இல்லேன்னாலும் இவன மாதிரி ஆளுங்கள எங்க வூட்டுல கட்டியிருக்கு. எனக்குத் தெரியும். நான் சாப்பாடு போட்டுக்கிட்டு உள்ள இருந்திருக்கேன். அன்னிக்கு இவன் தலையில துணிய வெச்சுக்கிட்டு என் எதிர்ல நின்னிருந்தா, என்ன திமிரு இவனுக்குன்னுதான் எனக்குத் தோணியிருக்கும். குண்டு ஞாபகமே வந்திருக்காது."

முனிசீப் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். நிதானமாக எழுதினார். எங்கள் வீட்டுக்காரர் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டார். துணி கொடுத்ததெல்லாம் அந்த ஒரு பதிலோடு போய்விட்டது என்பது வக்கீல் காகிதங்களை அடுக்கிய வேகத்திலேயே தெரிந்தது. அடுத்த மாசம் தீர்ப்பும் அப்படியே வந்தது. வேட்டை கூட்டியவரே பொறுப்பு என்று. நஷ்டஈடாக மாயவனுக்கு ஏரிக்குக் கீழே எங்கள் நிலம் ஒரு துண்டு போயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது தீர்ப்பை அல்ல. எழுதி முடித்ததும் முனிசீப் தலையைத் தூக்கி, இன்னும் நின்றுகொண்டிருந்த மாயவனைப் பார்த்தார்.

"இந்த அம்மா சொன்னதைக் கேட்டீங்கல்ல? நீங்க அரிச்சுதுங்கிறீங்க. எது நிஜம்?"

மாயவன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அம்மா சொன்னாச் சரிதானுங்க," என்றான்.

யாரோ சிரித்தார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவன் இருந்த பக்கம் பார்க்காமல் கூண்டிலிருந்து இறங்கினேன்.